கடைசல் பட்டறையில் கல்யாண பஸ்

திருக்கோகர்ணத்துக் கடைசல் பட்டறை வாசலுக்குக் கல்யாண பஸ் வந்து சேர்ந்தது. ஓடி வரவில்லை, பத்துப் பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை அழகுமலையும் மாலையைக் கழற்றி வைத்துவிட்டுத் தள்ளினார்.

யுத்த காலம் அது. பெட்ரோல் கிடைக்காததால் அந்த பஸ் கரியில் ஓடியது. பழுது என்னவோ கரியில் இல்லை. எஞ்சினுக்குத் தண்ணீர் அனுப்பும் பம்புக்குள் விரல் கனத் தண்டு ஒன்று முறிந்துவிட்டது.

"பொழுது சாயறதுக்குள்ள ஆலங்குடி போயிடணும், மேஸ்திரி. விடிஞ்சா முகூர்த்தம்" என்றார் டிரைவர் சோலையப்பன்.

"புதுத் தண்டு கடைய ஒரு மணி நேரம் போதும். உக்காருங்க" என்றார் பட்டறைக்காரர் சேவுகன்.

அவர் மகள் அமராவதிக்கு வயது பத்து. வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்தாள். ஆயுத பூஜைக்கு, இரும்பைக் கடையும் லேத்துக்குப் பொட்டு வைப்பது வருஷா வருஷம் அவள்தான். பள்ளிக்கூடத்தில் கேட்காதவர்களிடம்கூட அதைச் சொல்லிவிடுவாள்.

பூஜை முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. லேத்துக்கு இன்றுதான் முதல் வேலை. பெல்ட் சுற்றியது. சுழலும் இரும்புக் கம்பியை உளி தொட்டதும் 'கிர்ர்ர்ர்' என்று பட்டறையே அதிர்ந்தது. கம்பி முழுக்க முறுக்கு மாதிரி வரி வரியாக விழுந்திருந்தது.

"இதைப் போட்டா ஒரு மைல்கூடப் போகாது" என்றார் சேவுகன்.

உளியைத் தீட்டினார். மறுபடி கிர்ர்ர். உளியை உள்ளே தள்ளிப் பிடித்தார். கிர்ர்ர். போல்ட்டை இறுக்கினார். அப்போதும் கிர்ர்ர்தான். இரண்டு கம்பிகள் வீணாகிவிட்டன. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை சூரியனைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"வீணாப்போன கம்பியிலயே இன்னொரு தடவை பாக்குறேன். எண்ணெய் விடு, ஆத்தா."

அமராவதி எண்ணெய் விட்டாள். உளியைப் பிடித்திருக்கும் கனத்த இரும்புக் கட்டைக்கு டூல்போஸ்ட் என்று பெயர். அதன் அடி ஓரத்தில் கொஞ்சம் எண்ணெய் சிந்திவிட்டது. லேத் சுற்றியபோது அமராவதி அந்த ஓரத்தையே உற்றுப் பார்த்தாள்.

"அப்பா, எண்ணெய் மூச்சு விடுது."

"எண்ணெய் எங்கயாவது மூச்சு விடுமா?"

"டூல்போஸ்டுக்கு அடியில பாருங்க. கொப்புளம் வருது, போகுது."

சேவுகன் குனிந்து பார்த்தார். "ஆமா, கட்டை ஆடுது. அடியில ஏதோ இருக்கு. பூஜைக்குக் கழட்டி நான்தானே சுத்தமாத் தொடச்சேன்?"

அமராவதிக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. சொன்னால் அப்பா அடுத்த வருஷம் பொட்டு வைக்க விடமாட்டார். ஆனாலும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபின் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான்தான்ப்பா. கழட்டி வச்சிருந்தப்போ நாலு பக்கமும் சந்தனம் வச்சேன். அடிப்பக்கம் மட்டும் ஏமாந்து போயிருமேன்னு அங்கயும் வச்சுட்டேன்."

சோலையப்பனுக்குச் சிரிப்பில் மோர் புரையேறியது.

சேவுகன் கட்டையைக் கழற்றினார். அடியில் சந்தனம் காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது. அமராவதியே மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்தாள். விரலால் தடவினாள். இன்னும் நெருடியது. ஒரு பொடிகூடத் தட்டாத வரைக்கும் தேய்த்தாள்.

கட்டை அசையாமல் உட்கார்ந்தது. கடைசிக் கம்பியை மாட்டினார்கள். 'சர்ர்ர்' என்று மெல்லிய சத்தம் மட்டுமே வந்தது. இரும்பு சுருள் சுருளாக விழுந்தது. புதுத் தண்டு பளபளத்ததில் மாப்பிள்ளை அதிலேயே மீசையைச் சரிசெய்துகொண்டார்.

தண்டைப் பம்பில் மாட்டியதும், பொழுது இருக்கும்போதே பஸ் உறுமியது. அமராவதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாப்பிள்ளை பஸ்ஸிலிருந்த கல்யாணச் சந்தனக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"அடுத்த வருஷமும் நான் வைக்கலாமாப்பா?"

"நீ சொல்லலைன்னா இன்னும் கிர்ர்ருன்னுதான் கேட்டுக்கிட்டிருப்போம். ஒன்னைய விட்டா யாரு வைப்பா? இப்பவே வையி."

டூல்போஸ்டின் உச்சியில் ஒரு பொட்டு வைத்தாள். விரலில் இன்னும் சந்தனம் மிச்சம் இருந்தது. பஸ்ஸை நோக்கி நடந்தாள்.

சோலையப்பன் பதறிப்போய் இறங்கி ஓடி வந்தார். "எஞ்சினுக்குள்ள எங்கயும் வச்சிராத, ஆத்தா."

"பயப்படாதீங்க. மேல மட்டும்தான்" என்று பஸ்ஸின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, ஆலங்குடிக்கு அனுப்பி வைத்தாள் அமராவதி.