மூன்று வீட்டுக்கு ஒரு மீட்டர்

மாயம்மாள் கட்டவேண்டிய பாக்கி ஆயிரத்து இருநூற்று அறுபது ரூபாய். வீட்டுக்காரர் இஞ்ஞாசி அதைச் சீட்டில் எழுதி, மீட்டர் பெட்டிமேல் ஒட்டிவிட்டார்.

தாடிக்கொம்பு ரோட்டில் உள்ள அந்தக் காம்பவுண்டில் வாடகை வீடு மூன்று, மீட்டர் ஒன்று. இந்தத் தடவை கரண்ட் பில் எகிறிவிட்டது.

"கிரைண்டர் ஓடுறது உன் வீட்டுலதான். ஞாயித்துக்கிழமைக்குள்ள கட்டு. இல்லேன்னா மாவு யாவாரத்த நிறுத்து" என்றார் இஞ்ஞாசி.

"எப்பவும் அரைக்கிற மாவுதானண்ணே?" என்றாள் மாயம்மாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று அறிவுச்செல்வி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் 'உர்ர்' என்றது.

மூடிப்போன பிரவுசிங் சென்டரில் சாமான் ஏற்றிய கூலிக்குப் பதிலாக அவள் அப்பா சகாயராஜுக்குக் கிடைத்த பழைய கம்ப்யூட்டர் அது. ஐம்பத்தெட்டு நாளாக ராப்பகலாக ஓடுகிறது. ஒரே ஓர் எண்ணுக்காக.

ஏழு லட்டை உடைக்காமல் ஏழு பேருக்குக் கொடுக்கலாம். இரண்டு முதல் ஆறு பேர்வரை எத்தனை பேருக்கும் சமமாக வராது. ஏழு அப்படி ஒரு பகா எண். உலகத்திலேயே பெரிய பகா எண்ணைத் தேட, ஊர் ஊராக ஆட்கள் தங்கள் கம்ப்யூட்டரை இரவல் தருகிறார்கள். ஆளுக்கொரு எண். கூலி கிடையாது. அறிவுச்செல்விக்கு வந்த எண்ணுக்கு நாலு கோடி இலக்கத்துக்கு மேல். இன்னும் மூன்று நாள் வேலை இருந்தது. கெடுவும் அதோடு சரி. தவறினால் எண் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சாயங்காலம் மாயம்மாள் கிரைண்டரைச் சாக்குப் போட்டு மூடியிருந்தாள்.

"அரைக்கலையா அத்தே?"

"அரைச்சா மீட்டரு கோவிச்சுக்குதாம், தாயி." சிரித்தாள். கண் சிரிக்கவில்லை.

அறிவுச்செல்வி மீட்டரிடம் போனாள். கரண்ட் செலவாகச் செலவாக வேகமாகச் சிமிட்டும் சிவப்பு விளக்கு, நிமிடத்துக்குப் பதினாறு தடவை கண் சிமிட்டியது. கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு எண்ணினாள். எட்டு. மறுபடி போட்டாள். பழைய பெட்டி முனகி முனகி எழுந்திருக்கும்வரை அவள் மூச்சே விடவில்லை.

இரவெல்லாம் புரண்டாள். சொன்னால் அப்பா ஒயரைப் பிடுங்கிப் போடுவார். சொல்லாவிட்டால் அந்தச் சாக்கு கிரைண்டர் மேலேயே கிடக்கும்.

ஞாயிறு காலையில் இஞ்ஞாசியைக் கூப்பிட்டாள். "தாத்தா, செத்த நேரம் இந்த வெளக்க எண்ணுங்க." கம்ப்யூட்டரை நிறுத்திக் காட்டினாள், போட்டுக் காட்டினாள். "மாயம்மா அத்தை இல்ல. நாந்தான்."

சகாயராஜ் திகைத்துப்போனார். "ஏ புள்ள, அந்தக் கம்ப்யூட்டர் கண்ணாடி இருட்டாத்தான கெடந்துச்சு? அணைஞ்சிருக்குன்னு நெனச்சேன்."

"கண்ணாடிதான்ப்பா தூங்குது. பெட்டி முழிச்சிருக்கு."

இஞ்ஞாசி விவரம் கேட்டார். "கடைசியில என்ன கெடைக்கும்?"

"பெரும்பாலும் 'இந்த எண் இல்ல'ன்னுதான் வரும்."

"இல்லைங்கறதுக்கா இம்புட்டுக் கரண்டு?"

"இல்லைன்னு தெரிஞ்சாத்தான தாத்தா, மத்தவங்க அத விட்டுட்டு வேற எடத்துல தேடுவாங்க?"

"நல்லாக் கேளு தாயி" என்றாள் மாயம்மாள். "என் பேரையும் அப்பிடி அடிச்சுவிடச் சொல்லு."

இஞ்ஞாசி தொண்டையைச் செருமினார். சீட்டில் மாயம்மாள் பெயரை அடித்து, அறிவுச்செல்வி என்று எழுதினார். பிறகு, "ரெண்டு நாள் ஓடட்டும். அந்தக் கரண்டு என் கணக்கு" என்றார்.

செவ்வாய்க்கிழமை பதில் வந்தது. பகா எண் அல்ல.

கம்ப்யூட்டர் ஓய்ந்தது. கிரைண்டர் ஓடியது. பள்ளிக்கூடம் விட்டதும் அறிவுச்செல்வி தெருவில் வீடு வீடாக மாவுப் பொட்டலம் கொடுத்தாள். ஒரு சாயங்காலத்துக்கு மாயம்மாள் தந்த முப்பது ரூபாய் அப்படியே பாக்கிக்குப் போனது. நாற்பத்திரண்டாம் நாள் இஞ்ஞாசி சீட்டைக் கிழித்தார். மீட்டர் பெட்டியில் பசைத் தடம் மட்டும் நின்றது.

இப்போதும், கண்ணாடி இருட்டாக இருந்தால்கூட, சகாயராஜ் கம்ப்யூட்டர் பெட்டியில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் படுக்கப் போகிறார்.