கடைசி ஆளின் குரல்

காலை ஆறு பத்துக்குக் கிளெமென்றின் வான் வண்டி காட்டோரத் தேநீர்க் கடைக்கு முன்னால் நின்றது. கொட்டாஞ்சேனையில் புறப்பட்டு, வெள்ளவத்தையில் ராகுலனையும் சாம்பவியையும் ஏற்றிக்கொண்டு, வழி முழுக்க மழையில் வந்திருந்தான். இங்கே மழை விட்டிருந்தது. மரங்கள் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தன.

ராகுலன் மூன்று சைக்கிள்களையும் இறக்கினான். சாம்பவியின் ரயரை அழுத்திப் பார்த்தான். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தான். மறுபடியும் ரயரை அழுத்தினான்.

"காணும் விடுங்கோ," என்றாள் அவள். "வீட்டிலை பாத்தது போதாதே? ரயருக்குக் காய்ச்சல் ஒண்டுமில்லை."

மாசியில் சாம்பவிக்கு வயிற்றில் சத்திரசிகிச்சை நடந்தது. கட்டியை முழுதாக எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அதன் பிறகு ராகுலன் மனைவியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றான். அவள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே கை வைத்தான். கை வைப்பது அவளுக்குத் தெரியும்.

"இண்டைக்கு நான்தான் கடைசி," என்றாள். "நீங்கள் ஒருக்காலும் திரும்பிப் பாக்கக் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

"பண்ணு மச்சான்," என்றான் கிளெமென்ற். "எங்கட சட்டமும் அதுதானே."

ஈரக் கிரவல் பாதையில் ஓடும்போது கழுத்தைத் திருப்பினால் முன்சில்லு வழுக்கும். அதனால் அவர்கள் திரும்புவதில்லை. முன்னால் போகிறவன் கல்லையோ குழியையோ கண்டால் கத்துவான். அடுத்தவன் அதையே திருப்பிக் கத்துவான். கடைசி ஆள் 'சரி' சொல்ல வேண்டும். சரி கேட்டால் எல்லோரும் இருக்கிறார்கள். கேட்காவிட்டால் நிற்க வேண்டும். துறைமுகத்தில் கிரேன் வேலை செய்யும் கிளெமென்ற் அங்கிருந்து கொண்டுவந்த பழக்கம். இதுவரை பிசகியதில்லை.

"சத்தியம்," என்றான் ராகுலன்.

கடைக்காரி டில்ஷானி பிளேன்ரீயை நீட்டினாள். உள்ளே போய்க் கத்த வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னாள்.

கிளெமென்றும் சிங்களத்திலேயே ஏனென்று கேட்டான்.

"குளவி இருக்கு, தம்பி." அவள் கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"என்ட குரல் குளவிக்குப் பிடிக்கும் மச்சான்," என்றான் கிளெமென்ற் தமிழில். "நான் சேர்ச்ல பாடுற ஆள்."

சாம்பவி சிரித்தாள். மாசிக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்ததை ராகுலன் கேட்கவில்லை.

பாதை முதலில் பழைய றப்பர்த் தோட்டத்துக்குள்ளால் போனது. யாரும் பால் வெட்டாத மரங்கள். பால் பிடிக்கும் சிரட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. பிறகு காடு இரண்டு பக்கமும் நெருங்கியது. இடது பக்கம், பள்ளத்தில், மரங்களுக்கிடையே நீர்த்தேக்கம் தெரிந்து மறைந்தது. தண்ணீரின் மேல் பனிப்புகார் படுத்திருந்தது.

"கல்!" என்றான் கிளெமென்ற்.

"கல்!" என்றான் ராகுலன்.

"சரி!" சாம்பவியின் குரலில் உற்சாகம் இருந்தது.

ராகுலனின் கழுத்து திரும்பப் பார்த்தது. அவன் விடவில்லை. அவளுடைய ரயர்கள் கிரவலை நெரிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே மிதித்தான். ஒரு வளைவில் ஓடை குறுக்கிட்டது. ஓடையின் இரைச்சலில் எல்லாச் சத்தமும் அமுங்கியது.

"தண்ணி!"

"தண்ணி!"

"சரி."

ஓடைக்கு அப்பால் ஏற்றம் தொடங்கியது. செங்குத்தான, நீண்ட ஏற்றம். ராகுலன் கியரைக் குறைத்தான். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. எங்கிருந்தோ றப்பர்ப் பால் புளித்த வாடை வந்தது. தோட்டம் எப்போதோ முடிந்துவிட்டது.

"வேர்!" கிளெமென்றுக்கு இரைத்தது.

"வேர்!"

"சரி."

ராகுலனுக்கு நெஞ்சு அடைத்தது. இப்படியோர் ஏற்றத்துக்கு அவளைக் கொண்டுவந்திருக்கக் கூடாது. தையல் போட்ட வயிறு. உச்சியில் நிற்கச் சொல்ல வேண்டும். அவள் கோபிப்பாள். கோபிக்கட்டும்.

"குழி!" பாதிக் குரல்தான் வந்தது.

"குழி!" ராகுலனுக்கும் அப்படித்தான்.

"சரி."

அந்தக் குரலுக்கு மூச்சு வாங்கவில்லை.

அவன் மிதிப்பதை நிறுத்தினான். காலை ஊன்றினான். பின்னால் ரயர்ச் சத்தம் இல்லை. இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"சாம்பவி?"

"சரி."

கிட்டத்தில்தான் கேட்டது. முதுகுக்குப் பின்னால்.

அவன் சத்தியத்தை மீறித் திரும்பினான்.

பாதை வெறுமையாக இருந்தது. ஈர மண்ணில் இரண்டு ரயர்த் தடங்கள் ஏறி வந்திருந்தன. ஒன்று கிளெமென்றுடையது. மற்றது அவனுடையது.

"கிளெமென்ற்! நில்லு!"

"என்னடா?" என்றது மேலே.

"சரி," என்றது கீழே.

அவன் சைக்கிளைத் திருப்பி இறங்கினான். பிரேக்கைத் தொடவேயில்லை. ஓடையைத் தண்ணீர் தெறிக்கக் கடந்தான். அதற்கு அப்பால், வளைவில், சாம்பவியின் சைக்கிள் ஓரமாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. செயின் அறுந்து தொங்கியது. ஹெல்மெற் கைபிடியில் ஒழுங்காக மாட்டியிருந்தது.

சப்பாத்துத் தடங்கள் இடது பக்கம் இறங்கின. பள்ளத்துக்கு. தண்ணீருக்கு.

செடிகளைப் பிடித்துப் பிடித்து இறங்கினான். கையில் முள் கிழித்தது. புளித்த வாடை கூடியது. கடைசி மரத்தைத் தாண்டியபோது அவளைக் கண்டான்.

சாம்பவி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். முதுகுதான் தெரிந்தது. அவள் இன்னோர் அடி வைத்தாள்.

"இன்னும் வரவோ?" என்று புகாரைப் பார்த்துக் கேட்டாள்.

"சரி," என்றது புகாருக்குள் ஒரு குரல்.

அது ராகுலனின் குரல்.

அவன் வாயைத் திறந்தான். மூடினான். கூப்பிட்டால் அவளுக்கு இரண்டு குரல் கேட்கும். எதை நம்புவாள்? அவன் சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கி, சேற்றில் கால் புதையப் புதைய நடந்து, அவள் கையைப் பிடித்தான்.

அவள் அலறினாள். திரும்பி அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு புகாரைப் பார்த்தாள்.

"நீங்கள் அங்காலையெல்லோ நிண்டனீங்கள்?"

"வாரும்," என்றான் அவன் காதுக்குள். "கதைக்காமல் வாரும்."

பாதைக்கு ஏறிய பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். "செயின் அறுந்த உடனை நில்லுங்கோ எண்டு கத்தினனான். சரி எண்டனீங்கள். இருந்து பாத்தன், வரேல்லை. திரும்பக் கூப்பிட்டன். கீழை இருந்து சரி எண்டனீங்கள். விழுந்திட்டீங்களோ எண்டு பயந்து இறங்கினனான்."

"நான் இல்லை."

"உங்கடை குரல்."

"எனக்கும் உம்மடை குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது."

அவள் ஈரக் கைகளை மார்போடு கட்டிக்கொண்டாள்.

கிளெமென்ற் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தான். ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தவன், அவர்களின் ஈர உடுப்பைப் பார்த்துவிட்டுச் சாம்பவியுடைய சைக்கிளின் செயினைச் சுருட்டிக் கட்டினான். மூவரும் நடந்தே வெளியேறினார்கள். சாம்பவி நடுவில். ராகுலன் கடைசியில். கல் வந்தால் கையால் காட்டினார்கள். ஒருவரும் கத்தவில்லை. பின்னாலும் ஒன்றும் கேட்கவில்லை.

கடையில் டில்ஷானி அவர்களைப் பார்த்தாள். பிறகு அவர்களைத் தாண்டிப் பாதையைப் பார்த்தாள். வியாபார நேரத்தில் கடையின் பலகைகளை ஒவ்வொன்றாகப் போட்டு மூடினாள்.

மஹரகம வாகன நெரிசலுக்குள் வந்த பிறகுதான் கிளெமென்ற் ரேடியோவைப் போட்டான்.

"எதிரொலி மச்சான்," என்றான். "தண்ணிக்கு மேல அப்பிடித்தான்."

"ஓம்," என்றான் ராகுலன்.

வெள்ளவத்தையில் வெயில் எரித்தது. காலி வீதியில் பஸ்கள் ஹோர்ன் அடித்தன. கிளெமென்ற் இருவரையும் இறக்கினான். செயின் அறுந்த சைக்கிளை வானிலேயே வைத்துக்கொண்டான். மருதானையில் கொடுத்துத் திருத்தித் தருவதாகச் சொன்னான்.

தொடர்மாடியில் லிஃப்ற் வேலை செய்யவில்லை. சாம்பவி வீட்டுத் திறப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் ஏறினாள். ராகுலன் தன் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஏறினான். யார் வீட்டிலோ மீன் பொரித்தார்கள். ஒரு குழந்தை அழுதது. இரண்டாம் மாடி வளைவில் பல்ப் எரியவில்லை.

"கவனமாப் போம்," என்றான். "வயித்தைப் பிடிச்சுக்கொண்டு ஏறும்."

"தொடங்கிட்டீங்களே?" அவள் குரலில் பழைய கேலி திரும்பியிருந்தது. அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது. அவள் அடுத்த வளைவில் திரும்பி மறைந்தாள். மேல்வீட்டுக்காரர் படியில் எதையோ வைத்திருக்க வேண்டும்.

"பூச்சாடி!" என்று கத்தினாள்.

"பூச்சாடி!" என்றான் அவன், பழக்கத்தில்.

"சரி."

அது கீழேயிருந்து வந்தது. சைக்கிளின் சில்லு சுவரில் உரசி நின்றது.

மீன் வாடை போயிருந்தது. புளித்த வாடை படிகளில் ஏறி வந்தது.

சாம்பவி வளைவுக்குத் திரும்பி வந்து கைப்பிடிக்கு மேலால் குனிந்தாள். அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குக் கீழே இருந்த படிகளைப் பார்த்தாள். அவன் திரும்பவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இஞ்சருங்கோ," என்றாள் மிக மெதுவாக. "உங்களுக்குப் பின்னாலை, என்ரை உடுப்போடை, அது ஆர்?"