சோபாவின் இடது பக்கம்

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். தண்ணீர் கொதித்ததும் ஒரு கோப்பைக் காபி கலந்து, பாதியைக் குடித்து, மீதியைத் தொட்டியில் ஊற்றினான். முகம் மழித்தான். கசங்கிய சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை. கடை இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பது அவன் வேலை. வாரம் முழுக்க ஒரே கேள்வி: "இப்போ தெரியுதா?" வருகிறவர்களில் பாதிப் பேர் தெரியாத எழுத்தையும் தெரிகிறது என்று சாதிப்பார்கள். மனிதர்கள் மேல் அவனுக்கு இருந்த மிச்சசொச்ச மரியாதையை அந்த எழுத்துப் பலகைதான் தின்று தீர்த்தது.

சோபாவில் உட்கார்ந்து கணினியைத் திறந்தான்.

அது அவன் மனைவியுடையது. அவள் இறந்த பிறகு அதைத் திறந்தபோதெல்லாம் மூலைக்கு மூலை அவள் முகம். பொறுக்க முடியாமல் மச்சினனைக் கூப்பிட்டான். தனக்குத்தானே நிபுணன் பட்டம் கொடுத்துக்கொண்டவன் அவன். உள்ளே இருந்த அத்தனையையும் துடைத்துவிட்டு, வேறொரு இயங்குதளத்தை ஏற்றினான். "இலவசம் மாமா. வைரஸ் கிட்டவே வராது. ராக்கெட் மாதிரி பறக்கும்."

ராக்கெட் பறந்தது. பழைய வீடியோ கால் செயலி மட்டும் அதில் ஏறவில்லை.

அவனுக்கு இன்றைக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். மகள் மனைவியின் அக்கா வீட்டில் இருந்தாள். அம்மா போனதிலிருந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போனைக் காட்டினாலே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்கா தேன் தடவிய குரலில் கெடு வைத்திருந்தாள்.

"கம்ப்யூட்டர்ல பெருசா முகத்தைக் காட்டிப் பாருங்க தம்பி. இந்த ஞாயித்துக்கிழமையும் பாப்பா வாயைத் திறக்கலைன்னா இங்கயே பள்ளிக்கூடத்துல சேர்த்துடறோம். 'பாப்பாவைப் பார்த்துக்கோங்க'ன்னுதானே அவ கடைசியா சொன்னா? பார்த்துக்க வேணாமா?"

மனைவி அப்படிச் சொல்லவே இல்லை. கட்டிலருகே இருந்தது அவன் ஒருவன்தான். ஆனால் சாவு வீட்டில் அக்கா அந்த வசனத்தை அவிழ்த்துவிட, வந்தவர்கள் மூக்கைச் சிந்த, அதுவே நிலைத்துவிட்டது. திருத்த அவனுக்குத் தெம்பில்லை.

முதல் செயலி, உள்ளே விடுவதற்கு முன்பே ஊரில் உள்ளவர்களின் போன் எண்களையெல்லாம் கேட்டது. பெண் பார்க்க வந்த வீட்டார்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள். தூக்கி எறிந்தான். அடுத்தது பலூன்களைப் பறக்கவிட்டு, கை தட்டி வரவேற்றுவிட்டு, கேமராவே இல்லை என்று கையை விரித்தது. மூன்றாவது பரவாயில்லை போலிருந்தது. கேமரா விளக்கு எரிந்தது. திரையில் அவன் முகம். மழித்தும் சவக்களை போகாத முகம். பின்னால் வெற்றுச் சுவர். அவள் படத்தைக் கழற்றிய இடத்தில் ஆணி மட்டும்.

காட்சி மெல்ல நகர்ந்தது. அவனை வலது ஓரத்துக்குத் தள்ளிவிட்டு நின்றது.

இடது பாதி காலி.

எழுந்து மறுபடி நடுவில் உட்கார்ந்தான். காட்சி மறுபடி நகர்ந்தது. மச்சினனைப் போனில் கூப்பிட்டான்.

"அது தானா முகத்தைத் தேடி ஃப்ரேம் போடும் மாமா. தனியா இருந்தா உங்களை நடுவுல வைக்கும். ரெண்டு பேர்னா ரெண்டு பேரையும் சேர்த்து."

"நான் தனியாத்தான்டா இருக்கேன்."

"பக்கத்துல போட்டோ இருக்கா? போட்டோல இருக்குற மூஞ்சியைக்கூட ஆள்னு நினைச்சுக்கும்."

"ஆணிதான் இருக்கு."

"ஆணியையா மூஞ்சின்னு..."

"உன் மூஞ்சியையே ஏத்துக்குதே," என்று சொல்லிப் போனை வைத்தான்.

அந்த வசதியை அணைத்தான். அப்போதும் காட்சி நகர்ந்தது. முட்டாள் செயலி. செய்தவன் முட்டாள், ஏற்றிவிட்டவன் அடிமுட்டாள். அழித்துவிட்டு இருப்பதிலேயே மொட்டையான ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். அதற்கு ஆளைத் தேடவும் தெரியாது, நகரவும் தெரியாது. திரையில் நடுவில் அவன், தலைக்கு நேர் மேலே ஆணி. திருப்தி.

குனிந்து அக்காவின் எண்ணைத் தட்டினான். நிமிர்ந்தான்.

ஆணி அதே இடத்தில்தான் இருந்தது.

அவன் ஓரத்தில் இருந்தான்.

கீழே பார்த்தான். சோபாவின் வலது கைப்பிடியை ஒட்டி, ஒடுங்கி உட்கார்ந்திருந்தான். நகர்ந்த நினைவே இல்லை. மூக்கில் தலைவலித் தைலத்தின் வாசனை ஏறியது. அவளுடைய அந்தப் புட்டியை அவன் எப்போதோ குப்பையில் போட்டிருந்தான்.

இடது பக்க ஸ்பிரிங் வெகுநாளாக உடைந்து கிடந்தது. ஆள் உட்கார்ந்தால் முனகும்.

முனகியது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து வரவில்லை.

அதற்குள் திரையில் அக்கா வந்துவிட்டாள். மடியில் மகள், வாயில் விரல்.

"பாரு, அப்பா. பேசு கண்ணு." குரலில் பாப்பா பேசிவிடக் கூடாதே என்ற ஆசை அப்பட்டமாக வழிந்தது. "ஏன் தம்பி, இவ்வளவு பெரிய சோபாவுல பாதியைக் காலியா விட்டுட்டு மூலையில ஒண்டிக்கிட்டு இருக்கீங்க?"

மகள் வாயிலிருந்து விரலை எடுத்தாள்.

"காலியா இல்ல, பெரியம்மா."

அவள் அவனைப் பார்க்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். யாரோ கேட்டதைக் காதில் வாங்குவது போல் ஒரு கணம் இருந்தாள். பிறகு சிரித்தாள்.

"தெரியுது," என்றாள். "இப்போ நல்லா தெரியுது."

அக்காவின் முகம் வெளுத்தது. "என்னடி தெரியுது? அங்க ஒண்ணுமில்லையே!"

"அப்பா, என்னைக் கூட்டிட்டுப் போக எப்போ வரீங்க?"

"இன்னிக்கே," என்றான். "இன்னிக்கே வரேன்டா."

அழைப்பு முடிந்தது. செயலியை மூடினான். கணினியையே அணைத்தான். கறுத்த திரையில் சன்னல் வெளிச்சம், சுவர், ஓரத்தில் அவன். வாழ்நாளெல்லாம் பேயை நம்புகிறவர்களைக் கிண்டல் செய்தவன். இப்போது சோபாவின் நடுவுக்கு நகர முயன்றான்.

இடமில்லை. தோளில் ஒரு தோள் இடித்தது. சில்லென்று, பொறுமையில்லாமல்.

அந்தத் தோளை அவனுக்குத் தெரியும். மருத்துவமனைக் கட்டிலில் மனைவியை ஒட்டி உட்கார்ந்து, வீடியோ காலில் மகளைக் காட்டப் போனை அவன்தான் நீட்டிப் பிடித்திருந்தான். பிடித்த லட்சணத்தில் திரை முழுக்க அவன் முகமே இருந்தது. அவள் இதே போல் தோளால் இடித்தாள். ஊரே சொல்லி அழுத வசனமெல்லாம் அவள் வாயிலிருந்து வரவில்லை. கடைசியாகச் சொன்னது இதுதான்:

"கொஞ்சம் தள்ளி உட்காருங்களேன். பாப்பாவுக்கு நான் தெரியலையாம்."