சோளத்துக்கு முடிவெட்டு

பட்டாணிக்கு ஐந்து வயது. அவன் கையில் கத்தரிக்கோல் கிடைத்துவிட்டால் வீட்டில் எந்தப் பொருளுக்கும் பாதுகாப்பு இல்லை.

போன மாதம் துடைப்பத்துக்கு முடி வெட்டினான். அதற்கு முன்னால் அம்மாவின் கம்பளிச் சால்வையில் தொங்கிய குஞ்சங்களை ஒட்ட நறுக்கினான். ஏன் என்று கேட்டதற்கு, "காதுக்குக் கீழே தொங்குச்சு, நல்லா இல்லை" என்றான்.

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. அப்பாவின் முடிதிருத்தும் கடை வீட்டின் முன்னறையிலேயே இருந்தது. கண் விழித்தால் சரக் சரக். சாப்பிட உட்கார்ந்தால் சரக் சரக். அந்தச் சத்தத்திலேயே வளர்ந்த பிள்ளை வேறு என்ன செய்வான்? காகிதம் வெட்டிப் பழகட்டும் என்று முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் ஒன்றை அப்பாதான் கொடுத்திருந்தார். காகிதத்தோடு நிற்கிற ஆளா அவன்!

அவனுடைய அக்கா மிளகு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர் உண்டு. ஆள் சின்னது, காரம் பெரிது என்பதால் வீட்டில் மிளகு. எங்கே விட்டாலும் உருண்டு ஓடுவதால் தம்பி பட்டாணி. இரண்டும் அப்பா வைத்த பெயர்கள்தான்.

வீட்டின் பின்பக்கத்தில் மூன்று புறமும் சுவர் சூழ்ந்த ஒரு மூலை இருந்தது. வெயில் நன்றாக விழும். காற்று மட்டும் எட்டிப் பார்க்காது. சோளம் நட அந்த மூலையை மிளகு கேட்டாள். அப்பாவும் கேட்டார்.

"கடையில இருந்து எடுத்த பழைய நாற்காலியை எங்கே போடுறது?" என்றார் அப்பா. "அதோட முதுகு உடைஞ்சுபோச்சு. ஆனா இன்னும் நல்லாச் சுத்துதே, தூக்கிப் போட மனசு வரலை."

அம்மா பேருந்து ஓட்டுநர். அன்று காலையில்தான் அந்த நாற்காலியில் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தார்.

"அவ்வளவு பெரிய வண்டியைச் சந்துக்குள்ள திருப்பிடுறேன். என் வீட்டுக் கூடத்துல என்னையே திருப்ப முடியலை" என்றார். பிறகு மிளகைப் பார்த்தார். "சரி, ஒரு தடவை சோளம் போட்டுப் பாரு. விளைஞ்சா மூலை உனக்கு. விளையலைன்னா நாற்காலி அங்கே போகும். அப்புறம் அழக் கூடாது."

"அழ மாட்டேன். விளையும்" என்றாள் மிளகு.

அவள் போட்டது இனிப்புச் சோளம். விதைகளை இரவு முழுக்க ஊற வைத்தாள். ஒரே கோடாக நடாமல், விதைக் கடைக்காரர் சொன்னபடி சதுரமாக, கூட்டமாக நட்டாள். பட்டாணி தினமும் தண்ணீர் சுமந்தான். பாதி தண்ணீர் அவன் சட்டைக்குத்தான் போனது. மீதி செடிக்குப் போதுமானதாக இருந்தது.

செடிகள் முதலில் பட்டாணியைத் தாண்டின. பிறகு மிளகைத் தாண்டின. உச்சியில் பூக்கள் விரிந்தன. நடுத்தண்டில், இலைக்கும் தண்டுக்கும் இடையே, சின்னச் சின்னக் கதிர்கள் எட்டிப் பார்த்தன. ஒவ்வொரு கதிரின் நுனியிலும் வெளிர்பச்சை நிறத்தில் மெல்லிய இழைகள்.

"அக்கா!" என்று கத்தினான் பட்டாணி. "சோளத்துக்கு முடி முளைச்சிருக்கு!"

மிளகு சிரித்தாள். அப்போதே அவள் உஷாராகியிருக்க வேண்டும்.

மறுநாள் பள்ளி விட்டு வந்தவள் பையைக்கூட இறக்காமல் பின்பக்கம் போனாள். அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கதிரில்கூட முடி இல்லை. எல்லாம் ஒட்ட வெட்டப்பட்டிருந்தன. கீழே விழுந்த முடி, கடையில் செய்வது போலவே, ஓரமாகக் கூட்டிக் குவிக்கப்பட்டிருந்தது. கடைசிச் செடியின் தண்டில் ஒரு துண்டு கட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் கத்தரிக்கோலோடு பட்டாணி.

"எல்லாருக்கும் ஒரே அளவா வெட்டிட்டேன்கா" என்றான் பெருமையாக. "உனக்காக இலவசம்!"

ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று மிளகுக்குத் தோன்றியது. எவ்வளவு பெரியது என்று தெரியவில்லை. இருப்பதிலேயே சின்னக் கதிர் ஒன்றை ஒடித்து, பச்சை உறையை மெதுவாக உரித்தாள்.

உள்ளே குண்டூசித் தலை அளவில் வெள்ளை வெள்ளையாகக் குட்டி மணிகள். ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரே ஒரு இழை கிளம்பி நுனிக்கு ஓடியது. ஒரு மணிக்கு ஒரு முடி. பூந்தூள் சேர்ந்தால்தான் காயோ மணியோ பிடிக்கும் என்று பள்ளியில் படித்தது அவள் நினைவுக்கு வந்தது. உச்சிப் பூவின் தூளை வாங்குவதற்குத்தான் இந்த முடி வெளியே நீண்டிருக்கிறது!

"இது முடி இல்லைடா! இது வழியாத்தான் மணியே பிடிக்கும். எல்லாத்தையும் கெடுத்துட்டே!"

பட்டாணியின் முகம் சுருங்கியது. "வெட்டினா வளரும்லக்கா? அப்பா வெட்டுற எல்லாருக்கும் வளருதே."

"தையல்கார மாமாவுக்கு வளர்ந்துச்சா?"

பட்டாணி யோசித்தான். தையல்கார மாமாவின் தலை வழவழவென்று விளக்கு வெளிச்சத்தில் மின்னும். காதோரம் இருக்கிற நாலு முடியை வெட்ட மாதாமாதம் கடைக்கு வருவார். பட்டாணி உள்ளே போய், தன் கத்தரிக்கோலை அப்பாவின் மேசை இழுப்பறைக்குள் வைத்து மூடினான்.

இரவு அவன் சரியாகச் சாப்பிடவில்லை. மிளகும் சாப்பிடவில்லை. நாற்காலியை எப்போது நகர்த்துவது என்று அப்பாவும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. அது மிளகுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

விடிந்ததும் பழக்கத்தில் வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். இனி எதற்குத் தண்ணீர் என்று பாதி வழியில் தோன்றியது. ஆனாலும் செடி என்ன பாவம் செய்தது?

அங்கே பட்டாணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். கையில் அப்பாவின் கூந்தல் தைலம்.

"டேய்! அதை ஊத்திட்டியா?"

"இல்லைக்கா. தடவினா சீக்கிரம் வளருமான்னு நினைச்சேன். ஆனா உன்னைக் கேக்காம தொடக் கூடாதுன்னு உட்கார்ந்திருக்கேன்." புட்டியின் மூடிகூடத் திறக்கவில்லை. எவ்வளவு நேரமாக உட்கார்ந்திருந்தானோ, கால்சட்டையெல்லாம் ஈரமண்.

மிளகின் கோபம் அங்கேயே கரைந்துவிட்டது. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தைலம் வேண்டாம்டா. நேத்து நான் ரொம்பக் கத்திட்டேன்."

"பரவாயில்லைக்கா" என்றவன், கதிரை இன்னும் நெருங்கிப் பார்த்தான். "ஆனா நேத்து நான் இவ்வளவு விட்டு வெட்டலையே."

மிளகும் பார்த்தாள். நேற்று ஒட்ட வெட்டப்பட்ட இடத்தில் இன்று ஒரு விரல் அகலத்துக்கு இழைகள் நீண்டிருந்தன. அடுத்த கதிரில் பார்த்தாள். அதிலும் அப்படியே. அடுத்ததிலும்!

"பட்டாணி! வளருதுடா! நீ சொன்னதுதான் சரி!"

இரண்டு பேரும் போட்ட சத்தத்தில் அப்பா சீப்பும் கையுமாக ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வெட்டினா வளரும். அதை நம்பித்தானே நம்ம குடும்பமே ஓடுது!" என்று சிரித்தார். பிறகு அவர் பார்வை மிளகின் தலைக்குப் போனது. "என்னம்மா இது, மஞ்சள் கலர்ல பொடுகு?"

பொடுகைக் கண்டால் அப்பாவுக்குப் பொறுக்காது. சட்டைப்பையில் செருகியிருந்த மென்தூரிகையை எடுத்துத் தட்டப் போனார். முடி வெட்டி முடித்ததும் கழுத்தில் ஒட்டியிருப்பதைத் தட்டிவிடுவாரே, அந்தத் தூரிகை.

"தட்டாதீங்கப்பா!"

மிளகு அண்ணாந்து பார்த்தாள். நேர் மேலே சோளத்தின் உச்சிப் பூ. பூந்தூள் அவள் தலையில் விழுந்திருக்கிறது, மண்ணில் விழுந்திருக்கிறது. கதிர் முடியில் கொஞ்சம்கூட இல்லை. காற்று இருந்தால் அங்கும் இங்கும் தூவியிருக்கும். இந்த மூலையில் காற்றுக்கு எங்கே போவது?

"அப்பா, அந்தத் தூரிகை எனக்கு வேணும். அப்புறம் ஏறி நிக்க ஏதாவது வேணும், உச்சி எட்டலை."

அப்பா கூடத்தைத் திரும்பிப் பார்த்தார். அடுத்த நிமிடமே முதுகு உடைந்த நாற்காலி சோளத்துக்கு நடுவே வந்து நின்றது. அது சுற்றாமல் இருக்க அப்பா இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். மிளகு ஏறி நின்று, பூவைத் தட்டித் தூளைத் தூரிகையில் ஏந்தினாள். பிறகு தூரிகையைத் தம்பியிடம் நீட்டினாள்.

"நானா?" என்றான் பட்டாணி.

"வெட்டினது யாரு? மீதி வேலையை யாரு பாக்குறது?"

பட்டாணி தூரிகையை இரண்டு கையாலும் வாங்கினான். ஒவ்வொரு கதிராகப் போய், புது முடியில் மெல்லத் தடவினான். "ஆடாதீங்க சார், முடிஞ்சிருச்சு" என்று அப்பாவின் குரலிலேயே சொன்னான். ஒரு வாரம், காலையில் இதே வேலை. கடையில் காத்திருந்தவர்கள் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது.

கதிர்கள் பருத்தன. முடி பழுப்பேறிக் காய்ந்தது. ஒரு நாள் மிளகு உறையை லேசாக விலக்கி, ஒரு மணியை நகத்தால் அழுத்தினாள். பால் பீய்ச்சி மூக்கில் அடித்தது.

"அம்மா! வாங்க!"

முதல் கதிரை அம்மாதான் உரித்தார். வரிசை வரிசையாக மஞ்சள் மணிகள். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன. அம்மா மிளகின் தலையைத் தடவினார். "மூலை உனக்குத்தான்" என்றார். பட்டாணி அக்காவை விட உயரமாகக் குதித்தான்.

வேகவைத்த சோளத்தைத் தட்டில் அடுக்கிக் கடைக்குக் கொண்டு போனார்கள். தையல்கார மாமா காத்திருந்தார். ஒரு கதிரில் மட்டும் நுனியில் மணி பிடிக்காமல் வெறுமையாக இருந்தது. அதை ஒளிக்கப் பார்த்தாள் மிளகு. மாமா பார்த்துவிட்டார்.

"அதைக் கொடும்மா" என்று தன் தலையைத் தடவிக்கொண்டார். "அது நம்ம ஆளு."

கடையே சிரித்தது. மிளகுக்கு ஒரு மாதிரி வெட்கமாக இருந்தது, ஆனாலும் சிரித்துவிட்டாள்.

"நாற்காலியை மறுபடியும் கூடத்துக்குக் கொண்டு வரணுமே" என்று அப்பா இழுத்தார். "மூலை இப்ப மிளகோடது ஆச்சே."

"அது அங்கேயே இருக்கட்டும்பா" என்றாள் மிளகு. "அடுத்த தடவையும் ஏறி நிக்கணும்ல?"

அப்போதுதான் அம்மாவைக் காணவில்லை என்று கவனித்தார்கள். தேடிக்கொண்டு பின்பக்கம் போனார்கள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கையில் பாதி கடித்த சோளம். காலால் தரையை ஓர் உந்து உந்தி, முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றார்.

"இங்கே நல்லாத் திரும்ப முடியுது" என்றார் அம்மா, வாய் நிறைய சோளத்தோடு.