மச்சம் திரும்ப வரும் இடம்

சாப்பாட்டு மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் கை ஓர் இடத்தில் வழுக்கியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து துடைக்கிற மேஜை. அதன் மரவரி ஒவ்வொன்றும் அவள் விரலுக்குத் தெரியும். இப்போது ஓரமாக, உள்ளங்கை அகலத்துக்கு, வரியே இல்லை. சூடான பாத்திரம் வைத்த பழைய வட்டக் கறைகூட அங்கே வந்ததும் பாதியில் நின்றுபோயிருந்தது. இழைப்புளி போட்ட மாதிரி இல்லை. முட்டை ஓட்டின் உட்புறத்தைத் தடவினால் இருக்குமே, அப்படி இருந்தது.

பயம் வரவில்லை. சின்னவள் மேல் எரிச்சல்தான் வந்தது.

சின்னவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தன் மனைவி. வீட்டு மாடியில் மாமனாரின் வால்பேப்பர் அச்சகம். டிசைன் வேலை இரண்டு மருமகள்களுக்கும். வருஷக்கணக்காகப் பெரியவள்தான் கம்ப்யூட்டரில் கல், மரம், துணி என்று சுவருக்கு வேண்டிய சொரசொரப்பையெல்லாம் செய்து கொடுத்தாள். யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சின்னவள் வந்தாள், எங்கிருந்தோ ஒரு ப்ளகினைக் கொண்டுவந்து மென்பொருளில் சேர்த்தாள், அவள் செய்த மர டிசைனை மூக்கருகே கொண்டுபோனால் மரத்தூள் வாசனை வரும்போல இருந்தது. மாமனார் அதைத் தடவித் தடவிப் பார்த்து, "இதும்மா வேலை" என்றார். பெரியவள் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அதையாவது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் சிட்டு? பெற்ற மகள், பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்னே "சித்தி எங்க?" என்று கேட்டாள். சித்தி ஊட்டினால்தான் சாப்பாடு, சித்தி பக்கத்தில்தான் தூக்கம். "உனக்கு வேலை மிச்சம்தானே" என்று கணவன் சிரித்தான்.

"மேஜையில என்ன பண்ணின?" என்று சின்னவளிடம் கேட்டாள்.

"மாதிரிக்கு எடுத்தேன்க்கா. மாமாகிட்ட சொல்லிடாதீங்க."

"போட்டோதானே எடுப்ப? அதுக்கு மேஜை ஏன் வழவழன்னு ஆகணும்?"

சின்னவள் குரலைத் தாழ்த்தினாள். "அந்த ப்ளகின் அப்படித்தான். போட்டோவுல ஒரு கட்டம் போட்டு அழுத்தினா, அந்த இடத்துல இருக்கிறதை நெஜமாவே எடுத்துக்குது. எப்படின்னு எனக்கும் தெரியல." ஆள்காட்டி விரலை நீட்டினாள். நுனியில் ரேகை இல்லை. "மொத தடவை என் விரலும் கட்டத்துக்குள்ள வந்துடுச்சு. உயிருள்ளதுல மட்டும் வேண்டாம்க்கா. அப்புறம், ஓரம் சேர்க்கிற டிக்கை மறக்காம எடுத்துடணும். இல்லன்னா கட்டத்துக்குப் பக்கத்துல இருக்கிறதையும் இழுத்துக்கும்."

தொழிலை மறைக்க என்னவெல்லாம் கதை கட்டுகிறாள் என்று பெரியவள் நினைத்தாள். ஓரம் சேர்க்காவிட்டால் கட்டத்துக்குக் கட்டம் கோடு விழும். அந்த டிக் இல்லாமல் எந்த வால்பேப்பர்காரியாவது வேலை செய்வாளா? ஆனால் ரேகை இல்லாத அந்த விரல் நுனி மனதை விட்டுப் போகவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மகளைத் தேடிக்கொண்டு பெரியவள் சின்னவளின் அறைக்குப் போனாள். திரை மூடிய அறை, மூலையில் சொட்டும் குடை, ஈரத்துணி வாசனை, ஒரே சுருதியில் முனகும் மின்விசிறி, அந்த மங்கலில் கட்டிலில் கன்னத்தோடு கன்னம் ஒட்டித் தூங்கும் இரண்டு பேர். சிட்டுவின் கை சித்தியின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது.

"சிட்டு, அம்மாகிட்ட வாடா."

குழந்தை கண்ணைத் திறக்கவில்லை. சித்தியோடு இன்னும் நெருங்கிப் படுத்துக்கொண்டது.

அவ்வளவுதான். பெரியவள் போனை எடுத்துப் படம் பிடித்தாள். இந்தக் கன்னத்தைத்தானே தேடி ஓடுகிறாள், அது மேஜை மாதிரி ஆகட்டும், அப்புறம் யாரிடம் போய் ஒட்டுகிறாள் என்று பார்க்கலாம்.

மாடியில் மை வாசனை. படத்தை அந்த ப்ளகினில் திறந்து பெரிதாக்கி, சின்னவள் கன்னத்தில் மட்டும் கட்டம் போட்டாள். மகள் கன்னம் தொடங்கும் இடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே கட்டத்தை நிறுத்தினாள். அதில் அவள் கை ஒருபோதும் தவறியதில்லை. அழுத்தினாள்.

திரையில் வந்ததை அருகே குனிந்து பார்த்தாள். மெல்லிய பூமயிர், உள்ளே ஓடும் சிவப்பு, தொட்டால் சுடும்போல ஒரு பரப்பு. சின்னவளால் இப்படிச் செய்ய முடியுமா? மாமனார் வந்து தடவிப் பார்க்கட்டும். சந்தோஷத்தில் அச்சுக்கு அனுப்பினாள். இயந்திரம் உறுமியது, சுருள் இறங்கத் தொடங்கியது.

வழக்கம்போல் கண், வடிவம் திரும்ப வரும் இடத்தைத் தேடியது. எந்த வால்பேப்பரிலும் ஏதாவது ஓர் அடையாளம், ஒரு புள்ளி, ஒரு கீறல், குறிப்பிட்ட தூரத்தில் மறுபடி வந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இதிலும் இருந்தது. எள்ளளவு கறுப்பு. ஒரு சாண் தள்ளி, மறுபடி. அதற்குக் கீழே, மறுபடி.

மச்சம்.

சின்னவள் கன்னத்தில் மச்சம் கிடையாது.

திரையைப் பார்த்தாள். ஓரம் சேர்க்கும் டிக். போட்டபடியே இருந்தது. வருஷக்கணக்கான பழக்கம். கை தானாகவே போட்டிருக்கிறது.

கீழேயிருந்து சின்னவளின் குரல். "அக்கா, இங்க வாங்களேன். பாப்பாவுக்கு என்னமோ..."

படியில் காலடி. சின்னக் காலடி. சுவரைத் தடவிக்கொண்டே ஏறும் சத்தம்.

கதவு திறந்தது.

அதே கவுன். அதே ரிப்பன். கழுத்துக்கு மேலே, நெற்றியிலிருந்து மோவாய் வரை, மேஜை ஓரம்போல ஒன்றுமே இல்லை.

அவள் முட்டி போட்டு உட்கார்ந்தாள். "அம்மாடா. அம்மாகிட்ட வா."

குழந்தை இரண்டு கைகளையும் நீட்டியது. விரல்கள் அவள் முகத்தைத் தொட்டன. தடவின. அவளைத் தள்ளிவிட்டு, மறுபடி காற்றில் தேடின.

பின்னால் இயந்திரம் நிற்கவில்லை. தாள் தரையில் மடிந்து மடிந்து விழுந்தது. விழுந்த தாள் மெதுவாக ஏறி இறங்கியது. ஒவ்வொரு மச்சத்துக்கும் கீழே ஒரு மெல்லிய கோடு. ஈரமாக. ஒவ்வொன்றாக அவை பிரிந்தன. சுருளின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

தூக்கம் கலையாத குரலில், எல்லாம் சேர்ந்து கேட்டன.

"சித்தி எங்க?"