துடைத்த கண்

காலை ஆறு மணிக்கெல்லாம் வேடியப்பன் ஏணியும் துணியுமாகக் கிளம்பிவிடுவார். குளிர்மேட்டின் பொது கோல்ஃப் திடலில், ஆடுபவர்களைக் கண்காணிக்க மரங்களில் மாட்டிய நாற்பது மரக்கண்கள். தேக்கு, ஈட்டி என்று ஒவ்வொரு மரமாக ஏறி, பனி படிந்த அந்தக் கண்ணாடிகளைப் பளிச்சென்று துடைப்பது பதினோரு வருடமாக அவர் வேலை. அன்றும் துடைத்தார். துடைத்துவிட்டு, ஆட வந்தவர்களின் வரிசையில் நின்றார்.

பொதுத் திடல் என்றால் யார் வேண்டுமானாலும் ஆடலாம். ஆடாமல் இருக்கத்தான் யாருக்கும் உரிமையில்லை! கீழே சமவெளி ஐம்பத்தாறு டிகிரியில் வேகிறது. மேட்டில் இடமோ கொஞ்சம். ஆகவே வருடத்துக்கு ஒருமுறை, வீட்டுக்கு ஒருவர் ஆடியே ஆகவேண்டும். மட்டையால் நான்கு முறை அடிப்பதற்குள் பந்து குழியில் விழுந்தால் இன்னொரு வருடம் இருக்கலாம். ஐந்தானால் குடும்பமே இறங்க வேண்டும். கைபட்டுப் பந்து அசைந்தால் ஆடுபவரே சொல்லிவிட வேண்டும், ஓர் அடி கூடும். மறைத்ததை மரக்கண் பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் மேட்டில் கால் வைக்க முடியாது.

வேடியப்பனின் மகள் பவளத்துக்கு ஒன்பது வயது, நோஞ்சான் நுரையீரல். கீழே ஒரு கோடையைக்கூடத் தாங்கமாட்டாள் என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

இரண்டாவது அடியில் பந்து மரங்களுக்குள் போய்விட்டது. சருகை விலக்கினார், பந்து கடுகளவு நகர்ந்தது. சுற்றிலும் ஒருவருமில்லை. அண்ணாந்து பார்த்தார். காலையில் அவர் துடைத்த கண் மினுங்கியது. மட்டையை ஓங்கி மூன்றாவது அடியை அடித்தார்.

நான்காவது அடியில் பந்து குழிக்குள் விழுந்தது. பவளம் கைதட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"மேடம், காட்டுக்குள்ள பந்து அசைஞ்சிடுச்சுங்க," என்றார் வேடியப்பன்.

மேற்பார்வையாளர் சுகந்தி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்போ அஞ்சு. ஏணியை ஆபீஸ்ல குடுத்துட்டு இறங்குங்க."

ஆபீஸில் ஏணியை வாங்கிக்கொண்டதும் சுகந்திதான். "மரக்கண்ணு பாத்திருக்குமே மேடம், எப்படி மறைக்கிறது?"

சுகந்தி சிரித்துவிட்டாள். "அதுல என்னப்பா இருக்கு? வெறும் கண்ணாடி. மொத வருஷமே உள்ள இருந்ததைக் கழட்டியாச்சு. பயம் இருந்தாப் போதாதா? மேல இருக்கிறவங்கள்ல பாதிப் பேரு துணிஞ்சு வாயை மூடிக்கிட்டவங்கதான்."

"இதை நான் வெளிய சொன்னா?"

"சொல்லிக்கோ. இறங்கிப் போறவன் பேச்சை யாரு நம்புவா?"

சமவெளிக்குக் கொண்டுபோய் விடும் இறக்கூர்தியின் வாசலில் பவளம் அவர் தோளில் சாய்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அப்போது பக்கத்து வீட்டு மாதேஷ் மூச்சிரைக்க ஓடிவந்தான். கையில் மட்டை. தூரத்தில் அவன் மனைவி, நிறைமாதம், மர நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, நாலாவது அடியில போட்டுட்டேன். ஆனா நடுவுல பந்து லேசா அசைஞ்சுது. யாரும் பாக்கல. அந்தக் கண்ணு நெசமாவே பாக்குமா? தெனம் தொடைக்கிறது நீங்கதானே, நீங்க சொன்னா நம்புறேன்."

வேடியப்பன் அவனைப் பார்த்தார். அந்தப் பெண்ணைப் பார்த்தார். மேட்டுக் காற்றில் அவள் முந்தானை படபடத்தது. அவருக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. என் பிள்ளை மட்டும் என்ன பாவம் செய்தாள்?

"எல்லாத்தையும் பாக்கும்டா," என்றார். "ஓடு, போய்ச் சொல்லிடு."

மாதேஷ் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, சுகந்தி இருந்த பக்கம் ஓடினான்.