மகாராணியின் இடம்

மாலைக் கறவை தொடங்கும் நேரத்தில் மாட்டு டாக்டர் தன் அக்காவின் பண்ணைக்கு வந்து சேர்ந்தாள். தோளில் கதிர்வீச்சு மீட்டர் தொங்கியது. நிறைமாத வயிற்றோடு முற்றத்தில் நின்ற அக்காவை மாடுகள் தீனிக்காக முட்டித் தள்ளிக்கொண்டிருந்தன.

“வந்ததும் வராததுமா கேக்குறேன்னு நினைக்காதடி. நம்ம மாட்டுப் பாலை நான் குடிக்கலாமா, கூடாதா?”

கேட்டதில் தப்பில்லை. எங்கோ தொலைதூரத்தில் ஓர் அணு உலை வெடித்தது. அதன் மேகம் இத்தனை தூரம் வந்து இந்தப் புல்வெளியில் மழையாகக் கொட்டியது. அப்போதிருந்த மாடுகளையெல்லாம் அதிகாரிகள் கொன்று மேட்டு நிலத்தில் புதைத்தார்கள். வருடங்கள் ஓடின, புது மாடுகள் வந்தன. மண்ணில் கதிர்வீச்சு இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று கேட்டால் ஒருவர் இல்லை என்பார், இன்னொருவர் உதட்டைப் பிதுக்குவார். பிதுக்குகிற உதட்டை நம்பி யார் பிள்ளை பெறுவது?

தொழுவத்தில் அக்காவின் கணவரான மாமா கறவை இயந்திரத்தைத் தயார் செய்துகொண்டிருந்தார். மாட்டுக்கு ஒரு தடுப்பு, தடுப்புக்கு ஒரு கேன். வாசலோரத் தடுப்பு மட்டும் காலி. அது மகாராணியின் இடம். செத்த மாடுகளில் அவள்தான் தலைவி. அவள் நுழையாமல் வேறொன்றும் உள்ளே கால் வைக்காது. மாமா இன்றும் அங்கேதான் முதல் கேனை வைத்து, குழாயை மாட்டினார்.

“மாடே இல்லாத இடத்துக்கு எதுக்கு மாமா?”

“பழகின கை. சொன்னா கேக்க மாட்டேங்குது.”

கதவைத் திறந்தார். மாடுகள் உள்ளே வரவில்லை. இரண்டாகப் பிரிந்து, நடுவில் வழிவிட்டு நின்றன.

யாரும் நுழையவில்லை.

ஈர மண் வாடை மட்டும் உள்ளே வந்தது. அதன் பிறகே பாதி மாடுகள் வந்தன. மீதி முற்றத்தில் காத்திருந்தன.

“தினமும் இதே கூத்துதான். இதுங்க அவளைப் பாத்ததே கிடையாது” என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி.

டாக்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலையை முடித்துக் கிளம்பினால் போதும் என்றிருந்தது. மாட்டின் தொடையில் வைத்தாள், மீட்டர் மௌனம். கறந்த பாலில் காட்டினாள், மௌனம். வாசலோரத் தடுப்பைத் தாண்டும்போது மட்டும் ‘டிக்’ என்றது. பேட்டரி மக்கர் பண்ணுகிறது என்று ஒரு தட்டு தட்டினாள். காலிக் கேனைச் சோதிக்க அவளுக்கென்ன பைத்தியமா?

“அக்கா, குடிக்கலாம்! வயிறு நிறையக் குடி!”

சொல்லி வாய் மூடவில்லை, அக்கா டம்ளரோடு வந்து மொண்டு, ஒரே மூச்சில் குடித்து, மேலுதட்டு நுரையைத் துடைத்தாள்.

“என்னமா இனிக்குதுடி!”

மாமாவின் முகம் வெளுத்தது.

“எந்தக் கேன்ல மொண்ட?”

“வாசலோரக் கேன்லதான்.”

கேன் நிறைய நுரைத்த பால். மேலே குழாய் வெறும் காற்றைக் கவ்வித் துடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் மீட்டரை அந்தப் பாலில் காட்டினாள்.

மௌனம்.

நல்ல பால் என்கிறதா, இது பாலே இல்லை என்கிறதா? கேட்டால் அவளும் உதட்டைத்தான் பிதுக்க வேண்டும். அந்த நினைப்பில் அவளுக்கு அழுகை முட்டியது.

“ஏன்டி ரெண்டு பேரும் இப்படிப் பாக்குறீங்க?” அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு மூச்சு முட்டுது. வெளிய போறேன்.”

முற்றத்து மாடுகள் தலை தூக்கின. இந்த முறை ஒன்றுகூட அக்காவை முட்டவில்லை.

இரண்டாகப் பிரிந்து, அவளுக்கு வழிவிட்டன.